முதலில் பாட்டைப் பிரித்துக் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஐம்பது குறள் ஒப்பித்துப் பரிசு வாங்குகிறான். ஆனால் வீட்டிலிருக்கும் பழைய புறநானூற்றைக் கொடுத்தால் ஒரு வரி தாண்டுவதில்லை. எப்படிப் பழக்குவது? (ஒரு தாய், தேவகோட்டை)

பதில்: அம்மா, குறை பையனிடம் இல்லை, அச்சில் இருக்கிறது. பழைய பதிப்புகள் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல், சீர் என்ற ஓசைக் கணக்கில் அச்சிட்டவை. வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய 112ஆம் பாட்டின் இரண்டாம் அடி அவற்றில் 'எந்தையு முடையேமெங் குன்றும் பிறர்கொளார்' என்று நிற்கும். 'முடையேமெங்' என்ற சொல்லைக் குழந்தை எந்த அகராதியில் தேடும்? அதையே 'எந்தையும் உடையேம். எம் குன்றும் பிறர் கொளார்' என்று எழுதிக் காட்டுங்கள். பாதி தானாகப் புரிந்துவிடும். சந்தி பிரித்த பதிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. யாப்பெல்லாம் பிறகு.

அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கலாம். மொத்தம் ஐந்தே அடி. நிலாக்காலத்தில் வளவில் உட்கார்ந்து முதலில் நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். 'அற்றைத் திங்கள்', 'இற்றைத் திங்கள்' என்று வருமிடங்களில் சற்று நிறுத்துங்கள். பதவுரை சொல்ல வேண்டாம். அன்று இருந்து இன்று இல்லாதவை எவை என்று மட்டும் கேளுங்கள். தகப்பனும் மலையும் என்று சொல்லிவிடுவான். மாறாமல் இருப்பது எது என்பது அடுத்த கேள்வி. நிலவு என்று அவன் சொல்லாவிட்டால் நீங்களும் சொல்லாதீர்கள். இன்னொரு நாள் அவனாகவே வந்து சொல்லட்டும்.

பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை சிங்கம்புணரிப் பக்கம்தான் இருக்கிறது. கூட்டிப் போய்க் காட்டுங்கள். கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டியும் நம் வட்டாரமே. புறநானூற்றின் 192ஆம் பாட்டாக வரும் அவர் பாட்டின் முதல் வரி எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குப் பிடிப்பது என்னவோ 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்ற இடம். புணை என்றால் தெப்பம். அந்த 'படூஉம்' என்பதை ஆற்றோடு மிதப்பதுபோல் இழுத்துச் சொல்லவிடுங்கள். அளபெடை என்ற பெயரை இலக்கண வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

கம்பனைக் காதால் கேட்டுப் பழகுவதே நல்லது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா பங்குனியில் நடக்கிறது. ஒரு மணி நேரம் போதும், பட்டிமன்றம் முடியும்வரை பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம். நாட்டரசன்கோட்டையில் கம்பன் நினைவிடத்து மண்ணைக் குழந்தையின் நாவில் வைக்கும் வழக்கம் உண்டு. வையுங்கள், கூடவே ஒரு பாட்டையும் காதில் போடுங்கள்.

குறள் போட்டிகளை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வாரம் ஒரு பாட்டாவது பரிசுக் கணக்கில் சேராமல் இருக்கட்டும். அதை மட்டும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாலும்கூட.