சைடு வீல் வண்டிக்கு மாறும்போது: வாசகர் கேள்விகள்

கேள்வி: முப்பது வருடமாக கியர் பைக் ஓட்டியவன். முழங்கால் தேய்மானத்தால் சிக்னலில் கால் ஊன்ற முடியவில்லை என்று ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் சைடு வீல் (கூடுதல் சக்கரங்கள்) மாட்டிக்கொண்டேன். அல்சூர் ஏரி ஓரம் திரும்பும்போதெல்லாம் வண்டி நேராகவே ஓடப் பார்க்கிறது. ஒருநாள் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. வண்டியில் கோளாறா?
(பெங்களூரு அல்சூர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் கைப்பழக்கம்தான் காரணம். பைக்கில் ஓரளவு வேகம் வந்துவிட்டால் இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம். வண்டி இடப்புறம் சாய்ந்து, சாய்ந்தபடியே திரும்புகிறது. முப்பது வருடம் ஓட்டியவருக்கு இதைச் செய்கிறோம் என்பதே தெரியாது. சைடு வீல் வண்டி அப்படிச் சாயாது. இடது கைப்பிடியைத் தள்ளினால் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும், வண்டியும் வலப்பக்கமே போகும். இடப்பக்கம் போக, இடது கையை இழுத்து வலது கையைத் தள்ள வேண்டும். நிதானமாகப் போகும்போது இது நினைவிருக்கும். நாய் குறுக்கே வந்தால் கை பழையபடியே தள்ளிவிடும். ஆபத்து அங்கேதான்.

ஞாயிறு காலையில் ஆளில்லாத மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். நான்கு தண்ணீர் பாட்டில்களை 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்து, 10 கி.மீ. வேகத்தில் வளைந்து வளைந்து போங்கள். கை தயங்காமல் திரும்பிய பிறகு 20 கி.மீ.க்குப் போகலாம். தினம் அரை மணி நேரம் வீதம் ஒரு வாரமாவது பழகாமல் நெரிசலான சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் போகவே வேண்டாம். இந்த நாட்களில் பழைய பைக்கையும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள், கை குழம்பும்.

சக்கரம் எழும்புவதற்கு வேகம்தான் காரணம். பைக் உள்பக்கம் சாய்ந்து சமாளிக்கும் வெளித்தள்ளலை, இந்த வண்டி நிமிர்ந்து நின்று வாங்குகிறது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் சீராக ஆக்சிலேட்டர் கொடுத்துப் போக வேண்டும். வளைவின் நடுவே பிரேக் பிடித்தால் பாரம் முன்னே போய் ஒற்றை முன்சக்கரத்தின் மேல் உட்காரும். தாங்கிப் பிடிக்க வேண்டிய பின்பக்க அகலம் அந்த நேரத்தில் பயன்படாது. ஆட்டோ கவிழ்வதும் இப்படித்தான். வண்டி சாயாவிட்டாலும் நீங்கள் சாயலாம்: மேலுடம்பை உள்பக்கம் கொண்டுபோய், வெளிப்பக்கக் காலைப் பலகையில் அழுத்துங்கள்.

இன்னொன்று, சிக்னலில் பழக்கதோஷத்தில் காலைக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். வண்டி நகர்ந்தால் சைடு வீல் குதிகால் மேல் ஏறிவிடும்.

கேள்வி: மழையில் ஏற்றத்தில் நடுச்சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகர மறுக்கிறது. பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. டயர் புதுசு.
(விவேக் நகர் வாசகி)

பதில்: டயரைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. ஸ்கூட்டரோடு வந்த நடுச்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. பின்பிரேக்கும் பொதுவாக அதில் மட்டுமே. இரண்டு பக்கச் சக்கரங்கள் சும்மா உருளுகின்றன. அவற்றை அதிகம் இறக்கிப் பொருத்திவிட்டால் உங்கள் பாரத்தை அவையே தாங்கிக்கொள்ளும், நடுச்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நடு டயரின் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) மேல் குறுக்காகச் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். நீங்கள் வண்டியில் உட்கார்ந்துகொள்ள, ஒருவர் சிமெண்ட் தரையில் பத்தடி தள்ளட்டும். வெள்ளைத் தடம் பட்டனின் அகலத்துக்குப் பதிந்தால் சரி. நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கோடு விழுந்தால் பக்கச் சக்கரங்களை உயர்த்தச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் சாக்பீஸ் தடம் பாருங்கள். அளவு மீறி உயர்த்தினால் வண்டி தொட்டில் போல ஆடும்.

இரு பக்கச் சக்கரங்களிலும் காற்று ஒரே அளவு இருக்கட்டும். குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். காற்று சரியாக இருந்தும் எப்போதும் இடப்பக்கமே இழுத்தால், சாலை ஓரம் சரிவாக இருப்பது காரணமாக இருக்கலாம்; சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு மெக்கானிக்கிடம் போங்கள். பொருத்திய முதல் 100 கி.மீ. முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும், அதன் பிறகு மாதம் ஒருமுறை. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். அன்றோடு வண்டியை நிறுத்துங்கள்.

பைக்கில் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிடைத்தால் போதும். இதில் மூன்று கோடு வேண்டும். நம் ஊர் ஹம்ப்களை (வேகத்தடைகளை) குறுக்குவாட்டில் ஏறினால் ஒரு பக்கம் மட்டும் தூக்கும், நேராக ஏறுங்கள். ஓரத்தில் சாக்கடை மூடிய கற்பலகை மேல் இடது சக்கரத்தை விடாதீர்கள். சக்கரத்திலிருந்து சக்கரம் வரை உள்ள மொத்த அகலத்தை டேப் வைத்து அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே பைக் போன சந்தில் இது போகாது.

கேள்வி: பைக் லைசென்ஸ் இருக்கிறது. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் சைடு வீல் சாமான் வாங்கி மாட்டிக்கொண்டால் போதாதா?
(ஸ்ரீராமபுரம் வாசகர்)

பதில்: போதாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் உடல் குறைபாடு உள்ளவருக்காக மாற்றியமைத்த வாகனம் தனி வகை. 2019 திருத்தம் வரை அதன் பெயர் ‘இன்வாலிட் கேரேஜ்’, இப்போது ‘அடாப்டட் வெஹிக்கிள்’. லைசென்ஸில் இந்த வகை சேர வேண்டும். வண்டியை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, மாற்றியதை ஆர்.சி.யில் பதிவு செய்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். ஹெல்மெட் பழையபடியே வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு மூன்று சக்கர பைக்குகள் சாய்கின்றனவே?
(ஹெப்பால் வாசகர்)

பதில்: சில சாயும். பியாஜியோ எம்.பி.3, யமஹா நிக்கென் இரண்டிலும் முன்னால் இரண்டு சக்கரம். பைக் போலவே சாய்த்து ஓட்டலாம், கைப்பழக்கம் மாற வேண்டியதில்லை. கேன்-ஆம் ஸ்பைடருக்கும் முன்னால் இரண்டுதான், ஆனால் சாயாது. ஹார்லியின் ட்ரை கிளைட் சைடு வீல் வண்டி போலப் பின்பக்கம் அகலமானது. அதிலும் கைப்பிடியைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும்.