90 சதவீதம் ஏன் போதாது?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 90 சதவீதக் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. பக்கத்து ஊரில் இரண்டே பேருக்கு நோய் வந்ததும், “கணக்குப்படி உங்கள் ஊருக்கும் ஆபத்து” என்று சுகாதாரத் துறையினர் மறுபடி வீடு வீடாக வருகிறார்கள். இது என்ன கணக்கு? வார்டு உறுப்பினராக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த 90 எதைக் குறிக்கிறது என்று முதலில் கேளுங்கள். முதல் தவணையா, இரண்டாம் தவணையா?

யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். 15 என்று வைத்துக்கொள்வோம். பரவல் அடங்க வேண்டுமானால் அந்த 15 பேரில் 14 பேராவது பாதுகாப்போடு இருக்க வேண்டும். அதாவது, நூற்றுக்கு ஆறேழு பேருக்கு மேல் விட்டுப்போகக் கூடாது.

உங்கள் ஊரில் ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறப்பதாகக் கொள்ளுங்கள். 90 பேருக்கு 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை. அந்த வயதில் போடும் ஊசி சுமார் 85 சதவீதம் பேருக்குத்தான் பலிக்கும். ஆக, 23 குழந்தைகள் வெளியே நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு இன்னும் 23 பேர். நான்கே ஆண்டில் 90-ஐத் தாண்டிவிடும். பாதுகாப்பில்லாதவர்கள் ஓர் ஆண்டின் பிறப்பு எண்ணிக்கையை நெருங்கினால் பெரிய பரவலை எதிர்பார்க்க வேண்டும் என்பது தடுப்பூசித் திட்டங்களில் நெடுநாளாகப் பயன்படும் கணக்கு. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை, முதல் ஊசி பலிக்காதவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடும். அப்போதும் ஊசியே போடாத பத்துப் பேர் மிஞ்சுவார்கள். அதுவே ஆறேழு என்ற வரம்பைவிட அதிகம். அவர்கள் ஊர் முழுக்கச் சிதறி இருந்தாலாவது ஆபத்து சற்றுக் குறையும். பெரும்பாலும் ஒரே செங்கல் சூளையில், ஒரே தெருவில் இருப்பார்கள்.

இனி அந்த “இரண்டே பேர்”. தொற்றிய நாளிலிருந்து உடம்பில் தடிப்பு தெரிய ஏறத்தாழ 14 நாள் ஆகும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பே நோயாளி பரப்பத் தொடங்கிவிடுவார். ஆகவே, இன்று பதிவாகும் எண்ணிக்கை இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலவரம். அதிலும் அம்மை கண்ட பல வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் இரண்டு என்றால் ஊருக்குள் அதைவிட அதிகம் என்று கொண்டுதான் கணக்கிடுகிறோம்.

உங்களால் முடிந்தது நிறைய இருக்கிறது. வேப்பிலை தொங்கும் வீடு கண்ணில் பட்டால் அன்றே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையைக் குறை சொல்ல வேண்டாம். வேப்பிலையும் இருக்கட்டும், குழந்தைக்கு வைட்டமின் ஏ மருந்தும் கிடைக்கட்டும். செவிலியரோடு உட்கார்ந்து, இரண்டாம் தவணை விட்டுப்போன குழந்தைகளைத் தெருவாரியாக எழுதுங்கள். சதவீதம் வேண்டாம், பெயர்கள் வேண்டும். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள் எந்த ஊர்ப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள், அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.

நோயாளியோடு பழகிய, ஊசி போடாத குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அதனால் தகவலை மறுநாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.