தோள்வார் அறுந்துபோகாத பை

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புனலூருக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குச் செல்கிறேன். மடிக்கணினி, சாப்பாட்டு டப்பா, குடை எல்லாவற்றையும் சுமக்கும் என் முதுகுப்பைக்கு ஆண்டுதோறும் வார் அறுந்துவிடுகிறது. நெடுநாள் உழைக்கும் பையை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி ஒருவர், செங்கோட்டை

பதில்: பெரும்பாலும் முதலில் கைவிடுவது துணியன்று, வார் பையோடு சேரும் தையலும் ஜிப்பும்தான். ஆகவே கடையில் பையின் உள்பக்கத்தைப் புரட்டி, வார் இணையும் இடத்தில் தையல் நெருக்கமாகப் பலமுறை ஓடியிருக்கிறதா, துணியின் வெட்டுவிளிம்புகள் பிசிறு தெரியாமல் நாடாவால் மூடித் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள். ஒற்றை வரித் தையல் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பை வேண்டாம்.

அடுத்து துணி. அதன் நூல் எவ்வளவு தடிமன் என்பதைக் காட்டும் அளவு டீனியர்; 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வதே அது. உங்கள் சுமைக்கு 500 முதல் 1,000 டீனியர் வரையுள்ள நைலான் ஏற்றது. அதே டீனியரில் பாலியஸ்டரைவிட நைலான் உராய்வை நன்கு தாங்கும்.

ஆரியங்காவு கணவாயைக் கடந்து செல்லும் உங்களுக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: நீர் புகாதிருக்கத் துணியின் உள்பக்கம் பூசப்படும் பாலியூரித்தேன், ஈரத்தில் நாளடைவில் சிதைந்து, பிசுபிசுத்து உதிரும். நல்ல பைகள் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஈரக் குடையை உள்ளே வைக்காதீர்கள். நனைந்த பையை இரவில் வாய் திறந்து காற்றாடத் தொங்கவிடுங்கள்.

ஜிப்பின் பற்கள் சேராமல் போனால், பெரும்பாலும் ஓட்டி, அதாவது பற்கள் மேல் இழுத்து மூடும் பகுதி, தேய்ந்திருக்கும். பை தைப்பவரிடம் கொடுத்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.