மாடியில் கேம், கீழே 4கே படம்: புது ரவுட்டர் தேவையா?

கேள்வி: மதுரையில் மாடி வீடு. ஹாலில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கம்பெனி கொடுத்த பெட்டியே வைஃபையும் தருகிறது. மாடியறையில் மகன் கம்ப்யூட்டரில் வேலரண்ட் ஆடுகிறான். ராத்திரி எட்டு மணிக்கு மேல், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது ஆட்டம் திக்கித் திணறுகிறது. 15,000 ரூபாய்க்கு கேமிங் ரவுட்டர் வாங்கலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்கள் இணைப்பின் வேகம் தாராளம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்; ஆட்டத்துக்கு அதைவிட மிகக் குறைவு. ஆட்டத்துக்கு வேண்டியது தாமதமில்லாமல் போய்வருவது, அதுவும் ஒரே சீராக.

மகன் ஆடும் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள்; ஒரு சின்னச் செய்தி போய்வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. இன்னொரு ஜன்னலில் 8.8.8.8-க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) ஓடட்டும். எட்டு மணிக்கு இரண்டையும் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் ரவுட்டருக்கான எண் 2, 3 என்று இருந்து திடீரென 80, 150 என்று குதித்தால், கோளாறு வைஃபையில். அது சீராக இருந்து வெளி எண் மட்டும், அதுவும் மற்றவர்கள் நெட்டைப் பயன்படுத்தும்போது மட்டும் ஏறினால், நெரிசல் உங்கள் இணைப்பின் வாசலில். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வெளி எண் தாறுமாறாக இருந்தால் கம்பெனியிடம் புகார் கொடுங்கள். எந்த ரவுட்டரும் அதைச் சரிசெய்யாது. தூரத்தையும் எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது. மும்பையில் இருக்கும் சர்வர் மதுரையிலிருந்து நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஃபைபருக்குள் ஒளி போய்வரவே 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும்.

வைஃபைதான் என்றால் மருந்து கேபிள். ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். அந்த விலையுயர்ந்த ரவுட்டரை ஹாலில் வைத்தாலும் கான்கிரீட் தளம் கான்கிரீட்தான்: 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பலமிழக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஊடுருவினாலும் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு மோதும், ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் அதில் மூன்றே.

எட்டு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பியதும் திணறுவதைப் பார்த்தால், எனக்கு அதிகச் சந்தேகம் நெரிசல் மீதுதான். வீட்டு வைஃபையைப் பிடித்ததும் போன்கள் அன்றைய போட்டோ, வீடியோக்களை கிளவுட் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும். பெட்டி அவற்றை நீளமான வரிசையில் நிறுத்தும். ஆட்டத்தின் சின்னஞ்சிறு தரவுப் பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இதைத் தீர்க்கும் வசதியின் பெயர் எஸ்க்யூஎம். கேக், எஃப்க்யூ-கோடெல் என்ற பெயர்களிலும் வரும். அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை, ஏற்றத்துக்கும் (அப்லோடு) இறக்கத்துக்கும் (டவுன்லோடு) தனித்தனியாக, வரம்பாக வைத்தால் வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும். ரவுட்டர் வாங்குவதென்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்கும் மாடல்களில் இது கிடைக்கும்.

அடுத்து, கேபிள் செருகும் எல்லா லேன் போர்ட்டும் ஜிகாபிட்டா என்று பாருங்கள். மலிவான பலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். வைஃபை 6 போதும். அட்டைப்பெட்டியில் உள்ள ஏஎக்ஸ்3000 என்ற எண்ணில் மயங்காதீர்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402 என இரண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. உங்கள் டிவிக்கு அது முழுதாகக் கிடைக்காது. கொம்பு கொம்பாக ஆன்டெனா, வண்ண விளக்கு, 'கேமிங்' முத்திரை எதற்கும் கூடுதல் காசு தர வேண்டாம்.

புது ரவுட்டரை மாட்டும்போது கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரக் கேளுங்கள். தராவிட்டால் அதன் வைஃபையையாவது அணைத்துவிடுங்கள். ஒரு போன் பழைய பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் எஸ்க்யூஎம் அதைப் பார்க்காது, எட்டு மணித் திணறல் தொடரும்.