மார்மைட்டா வெஜிமைட்டா, எதை எப்படிச் சாப்பிடுவது?

மார்மைட்டும் வெஜிமைட்டும் ஒன்றா, உப்புக் கரிக்கும் இந்தக் கறுப்புப் பசையை எப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாணில் (அதாவது பிரெட்டில்) ஒரு கரண்டி தடவி, ஒரே வாயோடு துப்பிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கரண்டி தடவினால் பிறந்ததிலிருந்து அதைச் சாப்பிடுகிறவர்களும் துப்பத்தான் செய்வார்கள். ஜாம் தடவுகிற கணக்கு இதற்கு ஆகாது. ஊறுகாயை எவ்வளவு தொட்டுக்கொள்வீர்களோ, அதிலும் பாதிதான் இதற்கு அளவு.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் மார்மைட்டோடு வளர்ந்தவள். இப்போது மெல்பர்னில் பதினோரு வருடம். அதனால் இரண்டு போத்தலும் என் வீட்டில் உண்டு, இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம். பியர் காய்ச்சி முடிந்ததும் ஏராளமான ஈஸ்ட் மிஞ்சும். அதில் உப்புச் சேர்த்துச் சூடாக்கினால் ஈஸ்ட் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் என்சைம்களே புரதத்தைச் சிதைக்கும். செல்களின் தோலை வடிகட்டிவிட்டு, மிஞ்சும் சாற்றைப் பசையாகும்வரை வற்ற வைப்பார்கள். அப்படிச் சிதையும்போது வருகிற குளூட்டமிக் அமிலம்தான் அந்த நா ஊறும் ருசிக்குக் காரணம். சோயா சாஸிலும் நன்றாக வற்றிய தக்காளியிலும் இருப்பது அதே ருசிதான். இறைச்சிச் சாறு போல மணக்கும், ஆனால் இறைச்சி துளியும் இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு தவறாத என் அம்மம்மா தயங்காமல் குடிப்பார்.

மார்மைட் 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரென்ட் நகரில் தொடங்கியது. பியருக்குப் பேர்போன ஊர் அது, ஈஸ்டுக்குக் குறைவே இல்லை. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவுக்கு மார்மைட் வருவது தடைப்பட, பிறகு மெல்பர்னில் ஃப்ரெட் வாக்கர் என்பவர் சிரில் காலிஸ்டர் என்ற வேதியியலாளரை வைத்து உள்ளூரிலேயே ஒன்றைச் செய்தார். 1923இல் கடைக்கு வந்த அதுதான் வெஜிமைட்.

நாக்குக்கு இரண்டும் வேறு. மார்மைட் பாகு போல இழுபடும். கத்தி நுனியில் எடுத்தால் நூலாக நீளும். உப்போடு ஒரு மெல்லிய இனிப்பு பின்னால் வரும். வெஜிமைட் கெட்டிக் களிம்பு, இழுபடாது. கசப்பு தூக்கலாக இருக்கும். அப்புறம், மெல்பர்னில் வந்த புதிதில் நான் தடுமாறிய ஒரு விஷயம்: இங்கே கடைகளில் ‘மார்மைட்’ என்று இருப்பது நியூசிலாந்துக்காரர் சாப்பிடும் சிவப்பு மூடி மார்மைட், சானிடேரியம் தயாரிப்பு. சர்க்கரை சேர்த்தது, கொழும்பில் சாப்பிட்ட ருசி அதில் வராது. ஆனால் நியூசிலாந்துக்காரருக்கு அதுதான் உயிர். 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் ஆலைக் கட்டடம் பழுதாகி, 2012இல் கடைகளில் மார்மைட் தீர்ந்துபோனது. 2013 மார்ச்சில்தான் திரும்ப வந்தது.

சரி, சாப்பிடும் முறை. வெஜிமைட் தடவ எனக்குச் சொல்லித்தந்தது என்னோடு வேலை செய்த ஒரு பெண். பாணைப் பொன்னிறமாக வாட்டி, சூடு ஆறுமுன் பட்டரைத் தாராளமாகப் பூசினாள். அது உருகி உள்ளே இறங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கத்தி நுனியில் ஒரு மிளகளவு வெஜிமைட் எடுத்துப் பூசினாள் என்பதைவிடச் சுரண்டினாள் என்பதே சரி. பட்டர் மஞ்சளாகவும் வெஜிமைட் பழுப்புக் கீற்றாகவும், பாண் பாதி தெரிய வேண்டும். முழுக்கக் கறுத்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு துண்டில்தான் இந்த ஊர்க்காரரின் ஆசை எனக்குப் புரிந்தது. மேலே சீஸோ அவகாடோவோ வைத்தால் இன்னும் நல்லது.

இங்கிலாந்தில் மார்மைட் பூசிய பாணை விரல் நீளத்துக்கு வெட்டி, அரைவேக்காட்டு முட்டைக்குள் தோய்த்துச் சாப்பிடுவார்கள். மலேசியா, சிங்கப்பூர் பக்கம் மார்மைட்டும் தேனும் சேர்த்துக் கோழி பிரட்டுவார்கள், கஞ்சியிலும் கலப்பார்கள்.

எங்கள் ஊரிலோ மார்மைட்டைக் குடிப்போம். காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடக்கும்போது அம்மம்மா ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் அரைத் தேக்கரண்டி மார்மைட்டைக் கரைப்பார். மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம் இரண்டு, கொஞ்சம் மிளகுத்தூள், இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய்ப் புளி (நீங்கள் எலுமிச்சைச் சாறு என்பீர்கள்). ரசம் போல நெற்றி வியர்க்கும். வேறு எதையும் தொடாத வாய்க்கு அது இறங்கும்.

இலங்கையில் இதை மருந்து போலப் பார்ப்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்து, அது மார்மைட்டால் தீர்வதை 1931இல் எழுதினார். வேலை செய்தது ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. இன்று அதற்கு மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிகள் மருத்துவர் தருவதை விட்டுவிட்டு இதை நம்பியிருக்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அளவு பார்க்க வேண்டும், மார்மைட்டில் பத்தில் ஒரு பங்கு உப்புதான். மன அழுத்தத்துக்கு எம்.ஏ.ஓ.ஐ. வகை மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இதிலுள்ள டைரமின் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும்.

நீங்கள் வாங்கியது எதுவென்று சொல்லவில்லை. மார்மைட் என்றால் நான் சொன்ன அளவில் சுடுதண்ணீரில் தொடங்குங்கள்; ருசி பழகியதும் பாணுக்குப் போகலாம். வெஜிமைட் என்றால் நேரே பட்டரும் வாட்டிய பாணும். எதுவானாலும் போத்தலை எறிந்துவிடாதீர்கள், உப்பு கெடவிடாது. அடியில் ஒட்டியது கத்திக்கு வராதபோது, அம்மம்மா செய்தது போலக் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். பருப்புக் கறி இறக்கும்போது அதை ஊற்றினால் போதும், அன்றைக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.