சாவி குடுக்கிற தகரக் கார்: கேள்வி பதில்

கொக்குவில்: சாவி ஒரு அளவுக்கு மேல திரும்புதில்லை, காரும் ஓடுதில்லை. ஓவராச் சாவி குடுத்திட்டனோ?

பதில்: இல்லைத் தம்பி. வில்லு (உள்ளுக்கிருக்கிற ஸ்பிரிங்) முழுக்கச் சுத்தினா சாவி நிக்கும், அவ்வளவுதான். காரை மறிக்கிறது காய்ஞ்ச எண்ணெய். பழைய கார்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டா அது நாளாக நாளாகப் பிசினாகும். திறக்காதையுங்கோ. அடிப்பக்கத்தால, பற்சில்லுகளின்ர அச்சு முனை ஒவ்வொண்டிலயும் ஊசி நுனியால லைட்டர் பெற்றோல் ஒரு துளி. அடுப்படியில வேண்டாம். 10 நிமிசம் விட்டு, சில்லை முன்பக்கமா மெல்லத் தள்ளுங்கோ. ஓடத் தொடங்கினா வில்லு இறங்குமட்டும் கையிலயே வைச்சிருங்கோ. பெற்றோல் காய்ஞ்ச பிறகுதான் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் அச்சு முனைக்கு மட்டும். பல்லில விட்டா தூசியைப் பிடிச்சு அரைக்கும்.

சுன்னாகம்: காரின்ர நிறம் மங்கிப்போச்சு. பிராசோ (உலோகம் மினுக்கிற பூச்சு) போடலாமோ?

பதில்: கூடாது. அது பெயின்ட் இல்லை, தகரத்தில அச்சடிச்ச மை. ரெண்டு தேய்ப்பில வெறுந்தகரம் தெரியும். தண்ணியில ஒரு சொட்டு குழந்தைச் சவுக்காரம், பிழிஞ்ச பஞ்சு, முதல்ல அடிப்பக்கத்தில ஒரு மூலை.

நல்லூர்: என்ன விலை போகும்?

பதில்: படம் இல்லாமல் விலை சொல்றேல்லை.

பருத்தித்துறை: அண்ணை, ஓவராக் குடுத்தா பழுதாகாது எண்டது பிழை. மருமகன் முறுக்க "டக்" எண்டது. இப்ப சாவி சும்மா சுத்துது.

பதில்: அது வேற வருத்தம். நிண்ட சாவியைப் பிறகும் நெம்பினா வில்லு நுனிக் கொளுக்கி உடையும், இல்லாட்டிக் கழரும்.

பருத்தித்துறை: ரெண்டும் ஒண்டுதானே?

பதில்: இல்லை, வைத்தியம் வேற. சாவி நிக்குது, கார் ஓடேல்லை: பிசின். சாவி பாரமில்லாமல் சுத்துது: கொளுக்கி. கையை எடுத்த உடன சாவி திருப்பி அடிக்குது: சாவி பின்னால திரும்பாமல் மறிக்கிற உள் நாக்கு தேய்ஞ்சிட்டுது. உங்கட காரை மட்டும்தான் திறக்கோணும். உடம்பைப் பிடிச்சிருக்கிற தகர நாக்குகளை அகலமான மெல்லிய திருப்புளியால அடியிலயிருந்து கொஞ்சங் கொஞ்சமா நிமித்துங்கோ. ஒருக்கா நிமித்தி மடக்கினா தாங்கும். ரெண்டாந்தரம் மடிப்பில மயிரிழை வெடிப்புத் தெரியும். மூண்டாந்தரம் நாக்கு கையோட வரும்.

நல்லூர்: அப்ப பாதிச் சாவிதான் குடுக்கோணும் எண்டு பெரியாக்கள் சொன்னது?

பதில்: கெட்ட பழக்கமில்லை. ஆனா முறுக்கினபடி அலுமாரியில வைக்கிறதுதான் பெரிய கெடுதல். வில்லு சோர்ந்துபோம்.

பருத்தித்துறை: நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை.

பதில்: பரவாயில்லை. கொளுக்கியைப் பாத்திட்டு எழுதுங்கோ.

மானிப்பாய்: அடியில "மேட் இன் ஒக்கியுபைட் ஜப்பான்" எண்டிருக்கு.

பதில்: போருக்குப் பிறகு ஜப்பான் அந்நியப் படையின்ர பிடியில இருந்த காலத்து முத்திரை, 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. "யூஎஸ் சோன் ஜேர்மனி" (அமெரிக்கப் படையின்ர பிடியில இருந்த ஜேர்மன் பகுதி) எண்டிருந்தா 1945க்கு முந்தினதாக இருக்கேலாது.

கோப்பாய்: ஷூகோ எக்ஸாமிக்கோ 4001 எண்ட ஜேர்மன் சாவிக் கார் ஒண்டு விலைக்கு வருகுது. வாங்கலாமோ?

பதில்: பிஎம்டபிள்யூ 328 எண்ட நிசக் காரின்ர சாயலில செய்தது. நாலு முன் கியர், ஒரு பின் கியர். எல்லாம் விழுதோ எண்டு பாருங்கோ. பேரை மட்டும் நம்பிப் பழசு விலை குடுக்காதையுங்கோ, பிற்காலத்திலயும் அதைத் திரும்பச் செய்தவை.

காரைநகர்: கடல் காத்தில கறள் பிடிக்குது. பொலித்தீன் பையில கட்டி வைக்கட்டோ?

பதில்: வேண்டாம் அக்கா, உள்ளுக்கு வேர்க்கும். கண்ணாடி அலுமாரி, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல். வாடை மழைக்கு முதல் ஜெல்லை மாத்துங்கோ. உள்பக்க வெறுந்தகரத்தில மட்டும் எண்ணெய்ப் பஞ்சால ஒரு துடைப்பு.

வல்வெட்டித்துறை: பிராசோ கொஞ்சமாப் போட்டா?

பதில்: கொஞ்சமா அழியும்.