பார்மசி படித்தவருக்கு எந்த வேலை பொருந்தும்? கேள்வி பதில்

கேள்வி: அட்டையைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்க இத்தனை வருடம் எதற்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள் சார். என்ன பதில் சொல்வது?

கணக்குப் போட்டே காட்டுங்கள். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 6.25 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் வெறும் 3 மி.லி. முதல் சிரப் இருப்பில் இல்லையென்று இரண்டாவதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழைய அளவையே சொல்லி அனுப்பினால், ஒவ்வொரு வேளையும் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

இன்னொன்று, மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு இதை வாரம் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். உறையில் தவறி "தினமும்" என்று எழுதிவிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். விவரம் தெரிந்த மருந்தாளுநர் எந்த நோய்க்கு என்று கேட்பார், எந்தக் கிழமை என்று கேட்டு அந்தக் கிழமையை உறையில் எழுதுவார், நோயாளியைத் திருப்பிச் சொல்லவும் வைப்பார்.

பார்மசியில் எந்தப் பிரிவை எடுத்தாலும் அது ஒரு குறிப்பிட்ட வகைப் பிழையைத் தடுப்பதற்காக இருக்கிறது. "எந்தப் பிழையைத் தடுக்கும் பொறுப்பை நான் தினமும் சுமப்பேன்?" என்று கேட்டுக்கொண்டு வேலையைத் தேர்ந்தெடுங்கள். சம்பளமும் பதவிப் பெயரும் அதற்கு அடுத்துதான் வர வேண்டும்.

கேள்வி: மருத்துவமனை மருந்தாளுநர், கிளினிக்கல் பார்மசிஸ்ட் இருவரும் ஒன்றா?

சின்ன மருத்துவமனைகளில் ஒருவரே இரண்டையும் பார்ப்பார். பெரிய இடங்களில் தனித்தனி. முதலாமவரின் பொறுப்பு மருந்து: கொள்முதல், 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர் சேமிப்பு, வார்டுக்கு அனுப்புவது, அடர் பொட்டாசியம் குளோரைடு ஊசி சாதாரண வார்டு அலமாரியில் கிடக்காமல் பார்ப்பது. இரண்டாமவரின் பொறுப்பு நோயாளி.

அந்த இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 78 வயது மூதாட்டி, எடை 45 கிலோ, காலில் ரத்த உறைவு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இனாக்ஸாபரின் 45 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.2. அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்தால் பயப்படத் தோன்றாது. ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்தால் 62. எடையால் பெருக்கினால் 2790. அதை 72 பெருக்கல் 1.2, அதாவது 86.4-ஆல் வகுத்தால் சுமார் 32. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 27 மி.லி. வருகிறது. 30-க்குக் கீழே போனால் இந்த மருந்து உடலில் தேங்கும். அதனால் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் நாளுக்கு ஒரே ஒருமுறைதான். இதைக் கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் ரத்தக்கசிவு வரலாம்.

தசை குறைந்த முதியவர்களுக்குக் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால்தான் சிறுநீரகம் பழுதானாலும் எண் சாதாரணமாகத் தெரிகிறது. இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவர் உடனே மாற்றி எழுதுவார். "டோஸ் தப்பு" என்று மட்டும் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். கணக்கு, காரணம், மாற்று அளவு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள்.

சேர்க்கையின்போதும் டிஸ்சார்ஜின்போதும் வீட்டில் சாப்பிடும் மருந்துப் பட்டியலை ஒப்பிடுவதும் இவர் வேலை. விட்டுப்போகும் மருந்துகளும், இரண்டு பிராண்ட் பெயரில் இரட்டிப்பாகும் மருந்துகளும் அங்கேதான் பிடிபடும்.

கேள்வி: ஊசி மருந்து கலக்கும் சுத்த அறையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆபத்தானதா சார்?

முறை தெரிந்தால் இல்லை. எந்த அறைக்கு எந்தக் கேபினெட் என்பதுதான் முதல் பாடம். கிடைமட்டக் காற்றோட்ட கேபினெட்டில் வடிகட்டிய காற்று உள்ளிருந்து உங்கள் முகத்தை நோக்கி வரும். சாதாரண ஊசி மருந்துக்கு அது சரி. புற்றுநோய் மருந்தை அதில் கலந்தால் நீங்களே சுவாசிப்பீர்கள். அதற்குக் காற்று மேலிருந்து கீழிறங்கும் இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்பு கேபினெட்தான் வேண்டும். இரண்டிலும் வேலைப் பரப்பு ஐ.எஸ்.ஓ. 5 தரம்: ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3520-ஐத் தாண்டக் கூடாது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வடிகட்டியிலிருந்து வரும் காற்றுக்கும் ஊசி முனைக்கும் நடுவே கையை வைப்பது. கையைத் தொட்ட காற்று சுத்தக் காற்று இல்லை. அடுத்தது, குப்பி மூடியில் 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தடவிவிட்டு உலரும் முன்பே குத்துவது. கிருமி சாக அந்த நேரம் தேவை.

ரத்தநாள வழி ஊட்டக் கரைசல் தயாரிக்கும்போது பாஸ்பேட்டை முன்னதாகவும் கால்சியத்தைக் கடைசியிலும் சேர்ப்பார்கள், நடுநடுவே நன்றாகக் கலக்குவார்கள். செறிவான நிலையில் இரண்டும் சந்தித்தால் படிகமாகும். அது நுரையீரல் நாளங்களை அடைக்கும். அப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகுதான் 1994-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. கொழுப்புக் குழம்பு கலந்த பையில் வெள்ளை நிறம் படிகத்தை மறைத்துவிடும். கண்ணை நம்பாமல் வரிசையை நம்புங்கள்.

கேள்வி: மருந்துத் தொழிற்சாலையில் கியூசி, கியூஏ இரண்டுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எதில் சேரலாம்?

கியூசி (தரக் கட்டுப்பாடு) என்பது ஆய்வகம்: மருந்தின் அளவைக் கண்டறியும் எச்.பி.எல்.சி., மாத்திரை கரைவதைப் பார்க்கும் டிசொல்யூஷன், ஈரப்பதம், கிருமிச் சோதனை. கியூஏ (தர உறுதி) என்பது அந்த முடிவுகளையும் உற்பத்தி ஆவணங்களையும் சரிபார்த்து, தொகுதியை வெளியே விடலாமா என்று தீர்மானிக்கும் பிரிவு. விலகல் விசாரணை, மாற்றக் கட்டுப்பாடு, தணிக்கை எல்லாம் அங்கே. புதிதாகப் படித்து வருகிறவருக்கு என் பரிந்துரை கியூசி. ஆய்வகம் தெரியாத கியூஏ அதிகாரியால் கையெழுத்துப் போட முடியும், பிழையைப் பிடிக்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கியூசியில் இருந்துவிட்டு கியூஏவுக்கு மாறுவது எளிது. எதிர்த்திசையில் மாறுகிறவர்கள் குறைவு.

கியூசியில் உங்கள் குணம் சோதிக்கப்படும் இடம், முடிவு வரம்புக்கு வெளியே போகும்போதுதான். மாத்திரையில் இருக்க வேண்டிய மருந்தளவின் வரம்பு 95 முதல் 105 சதவீதம், உங்களுக்கு 93.8 வருகிறது என்று வையுங்கள். கரைசலைக் கொட்டாதீர்கள். ஊசியேற்றிய அதே குப்பி, எடைக் கருவியின் அச்சுத்தாள், நீர்த்த விகிதம், தரநிலைக் கரைசல், கணக்கு என்று வரிசையாகப் பாருங்கள். ஆய்வகப் பிழைக்கு ஆதாரம் கிடைத்தால் மட்டுமே முதல் முடிவைச் செல்லாததாக்க முடியும். ஆதாரம் இல்லையென்றால் விசாரணை உற்பத்திப் பக்கம் போக வேண்டும். சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது ஏற்கத்தக்கதல்ல என்று 1993-இல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது. மேலாளர் "இன்னொரு தடவை போடு" என்றால் எழுத்தில் கேளுங்கள். அந்த 93.8 உண்மையாக இருந்தால் அந்த மாத்திரையைச் சாப்பிடப் போகிறவர் ஒரு நோயாளி.

கேள்வி: ஃபார்முலேஷன் ஆராய்ச்சிக்கு முதுகலை கட்டாயமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் நேர்காணலில் பட்டத்தைவிட, மாத்திரை ஏன் கெட்டது என்ற கேள்வியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மேல்பகுதி தொப்பி போலக் கழன்று வந்தால் காற்று சிக்கியிருக்கலாம், துகள் அதிகமாக உலர்ந்திருக்கலாம், தூள் மிகுதியாக இருக்கலாம், அழுத்தும் வேகம் கூடியிருக்கலாம். மாத்திரையை அழுத்தும் அச்சில் (பஞ்ச்) ஒட்டினால் ஈரம் மிச்சம் அல்லது மசகு போதவில்லை. மசகாகச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டை அதிக நேரம் கலக்கினால் அது துகள்களின் மேல் நீர் ஒட்டாத படலமாகப் படர்ந்து, மாத்திரை கரைவதைத் தாமதமாக்கும். அதனால்தான் அதைக் கடைசியில், சில நிமிடங்கள் மட்டும் கலக்குகிறோம். ஜெனரிக் மருந்து என்றால் மூல மருந்தோடு ஒப்பிட்ட ரத்த அளவின் விகிதத்துக்கான 90 சதவீத நம்பக இடைவெளி முழுவதும் 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். கரைதல் பிசகினால் அங்கே தோற்றுப்போகும்.

கேள்வி: பார்மகோவிஜிலன்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் சுலபமான வேலை என்கிறார்களே?

மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்த வேலையை உட்கார்ந்து செய்வது உண்மை. சுலபம் என்பது தவறு. ஒரு பக்கவிளைவு அறிக்கை செல்லுபடியாக நான்கு விஷயங்கள் வேண்டும்: அடையாளம் காணக்கூடிய நோயாளி, அறிக்கை தந்தவர், சந்தேக மருந்து, நடந்த நிகழ்வு. இந்த நான்கும் நிறுவனத்தில் யாரோ ஒருவர் கைக்கு வந்த நாள்தான் பூஜ்ஜியம் நாள். விற்பனைப் பிரதிநிதிக்கு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் வந்தாலும் வெள்ளிக்கிழமையே கடிகாரம் ஓடத் தொடங்கும், உங்கள் மேசைக்குத் திங்களன்று வந்தது என்பது காரணமாகாது. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனையில் எதிர்பாராத, மருந்தால் வந்திருக்கக்கூடிய மரணமோ உயிர் ஆபத்தோ என்றால் 7 நாட்களுக்குள் முதல் தகவல் போக வேண்டும். எதிர்பாராத மற்ற தீவிர நிகழ்வுகளுக்கு 15 நாட்கள்.

எது தீவிரம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தாங்க முடியாத தலைவலி, ஆனால் வீட்டிலேயே சரியானது என்றால் தீவிரப் பட்டியலில் வராது. மரணம், உயிர் ஆபத்து, மருத்துவமனைச் சேர்க்கை அல்லது அது நீள்வது, ஊனம், பிறவிக் குறைபாடு, மருத்துவ ரீதியில் முக்கியமானது என்ற அளவுகோல்களில் ஒன்று பொருந்த வேண்டும். அதன்பின் மெட்ரா என்ற பொது மருத்துவச் சொற்தொகுதியில் குறியிடுவது, காரண மதிப்பீடு, நிகழ்வை நாள்வரிசையில் எழுதுவது. மருந்து தொடங்கிய தேதியும் அறிகுறி தொடங்கிய தேதியும் இல்லாத விவரணையால் பயனில்லை. நிறுத்தியபோது குறைந்ததா, மீண்டும் கொடுத்தபோது திரும்பியதா என்பதை அறிக்கை தந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்த துயரம் 1961-இல் வெளியே தெரிந்த பிறகுதான் இந்தத் துறையே உருவெடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டம் 1968-இல் தொடங்கியது. ஒவ்வொரு அறிக்கைக்கும் பின்னால் ஓர் ஆள் இருப்பதை மறக்காதவர்கள்தான் இதில் நன்றாக வருகிறார்கள்.

கேள்வி: ரெகுலேட்டரி அஃபேர்ஸில் என்ன படிவம் நிரப்புவார்கள்?

படிவம் கொஞ்சம்தான். மருந்துக்கு அனுமதி கேட்டு அரசிடம் தரும் சி.டி.டி. என்ற ஐந்து பகுதிக் கோப்பைத் தொகுப்பதே வேலை: நாட்டுக்குரிய நிர்வாகத் தாள்கள், சுருக்கங்கள், தரம், விலங்காய்வு, மனிதர் மீதான ஆய்வு. அதிகம் அடிபடுவது மூன்றாம் பகுதியான தரம். ஓர் எடுத்துக்காட்டு: 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் செய்த நிலைப்புத்தன்மைத் தரவை மட்டும் வைத்து வெப்ப ஈர நாட்டில் விண்ணப்பித்தால் கேள்வி வரும். அங்கே 30 டிகிரி, 75 சதவீதம் கேட்பார்கள். இதை விண்ணப்பிக்கும் நாளில் கண்டுபிடித்தால் ஓராண்டு போச்சு. ஆகவே உருவாக்கக் கட்டத்திலேயே எந்தெந்த நாடு என்று கேட்டு எழுதி வைக்கிறவர்தான் நல்ல ரெகுலேட்டரி ஆள்.

கேள்வி: மெடிக்கல் ரெப், மெடிக்கல் சயன்ஸ் லியேசன் வித்தியாசம்?

ரெப்புக்கு விற்பனை இலக்கு உண்டு. லியேசனுக்கு அது கிடையாது, இருக்கவும் கூடாது. அவர் மருத்துவர்களிடம் ஆய்வுத் தரவைப் பேசுகிறார். பெரும்பாலும் பார்ம்.டி., முனைவர் அல்லது மருத்துவப் பட்டம் கேட்பார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் பதிவு பெற முடியுமா ஐயா?

மருந்தாளுநர் உரிமம் நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வு எழுத, 2003-இலும் அதற்குப் பிறகும் முடித்தவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் படிப்பு காட்ட வேண்டும். நான்காண்டு பி.பார்ம் மட்டும் வைத்திருப்பவர்கள் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு வருந்துகிறார்கள். பிரிட்டனில் தனியாக ஓர் இணைப்புப் படிப்பு, அதன்பின் பயிற்சி, பிறகு பதிவுத் தேர்வு. தொழிற்சாலை, ரெகுலேட்டரி, பார்மகோவிஜிலன்ஸ் பணிகளுக்குப் பெரும்பாலும் இந்த உரிமம் வேண்டியதில்லை. வெளிநாடுதான் குறி என்றால் அந்த வழியையும் எடைபோடுங்கள்.

கேள்வி: எட்டு வருடமாகக் கடை கவுன்டரில் நிற்கிறேன். இனி வேறு பிரிவுக்கு மாற முடியுமா?

முடியும். மருந்துப் பெயர், அளவு, எதிர்வினை, நோயாளி பேசும் விதம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பார்மகோவிஜிலன்ஸ், மருந்துத் தகவல் மையம், மருத்துவப் பரிசோதனை மருந்து மேலாண்மை ஆகியவை அருகில் உள்ள கதவுகள். கடைசியாகச் சொன்னதில் கொடுத்த மாத்திரை, திரும்பிய மாத்திரை, மிச்சம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். குளிர்பெட்டி வரம்பு தாண்டினால் மருந்தைத் தனியே ஒதுக்கி, பரிசோதனையை நடத்தும் நிறுவனமான ஸ்பான்சரின் பதில் வரும்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இருப்புக் கணக்கு பார்த்த கைக்கு இது பழகிய வேலைதான்.

விண்ணப்பத்தில் "எட்டு ஆண்டு அனுபவம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். நீங்கள் பிடித்த மருந்து ஊடாட்டம், மருத்துவரை அழைத்து மாற்றிய அளவு, பதிவு செய்த பக்கவிளைவு என்று நான்கைந்தை நோயாளி பெயர் இல்லாமல், மருந்து, அளவு, நடந்த மாற்றம் என்ற வரிசையில் எழுதுங்கள். இதுவரை அப்படிக் குறித்து வைக்கவில்லை என்றால் இன்றைக்கே ஒரு நோட்டில் தொடங்குங்கள். ஆறு மாதத்தில் விண்ணப்பிக்கப் போதுமானது சேர்ந்துவிடும்.